முதலையின் வயிற்றில் இருந்தவை

தங்கையின் கல்யாணத்துக்காகச் சிங்கப்பூரிலிருந்து லீவு போட்டு ரயிலேறி வந்தேன். எங்கள் ஊர் பிரிக்பீல்ட்சில் வந்து இறங்கினால், வீட்டில் எனக்குப் படுக்க இடமில்லை. மாப்பிள்ளையின் அத்தை கூறைப்புடவை எடுக்கிறேன் என்று மாப்பிள்ளை ஊரான செமினியிலிருந்து முன்கூட்டியே வந்து, இருந்த ஒரே நல்ல அறையைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் அடுப்படியில் பாயை விரித்தேன். இரவெல்லாம் ரயில் சத்தம், கொசு, அந்த அம்மாளின் குறட்டை.

அம்மா அவரைத் தாங்கு தாங்கென்று தாங்கினாள். காரணம் இருந்தது. என் அப்பா கிள்ளான் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். எனக்கு நடை பழகிய வயசு, தங்கை அம்மா வயிற்றில். அப்போது ஒரு நாள் ஆற்றுப் பக்கம் போனவர் திரும்பவே இல்லை. முதலை இழுத்துவிட்டது என்று பாதிப் பேர் சொன்னார்கள். எவளையோ கூட்டிக்கொண்டு சுமத்ராவுக்குக் கப்பலேறிவிட்டார் என்று மீதிப் பேர். அம்மா இரண்டாவது பேச்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "ஓடிப்போன மனுசன் எங்கயோ உசுரோட இருப்பாருல்ல" என்பாள். அப்புறம் அதே வாயால் அவரைத் திட்டித் தீர்ப்பாள். ரயில்வே ஆட்களுக்குச் சோறாக்கிப் போட்டுத்தான் எங்களை வளர்த்தாள். பொட்டும் தாலியும் மட்டும் அப்படியே இருந்தன. எனக்கோ, ஓடிப்போனவன் மகன் என்று பள்ளிக்கூடத்தில் கேட்ட கேலிக்கு, முதலையே தேவலாம் என்றிருந்தது.

அப்பா சுமத்ராவில் வேலையாக இருக்கிறார் என்றுதான் மாப்பிள்ளை வீட்டில் சொல்லியிருந்தோம். அவர்கள் சாஸ்திரம் பார்க்கிறவர்கள். பெண் வீட்டில் சாவு என்று காதில் விழுந்தால் ஒரு வருஷம் தள்ளிவைப்பார்கள். அப்படித் தள்ளிவைத்த கல்யாணம் எதுவும் நடந்து நான் பார்த்ததில்லை. தகப்பன் பேச்சு வந்தே ஏற்கெனவே ஒரு வரன் தட்டிப்போயிருந்தது.

புடவை எடுத்த அன்றைக்கு அத்தை கிளம்பிவிடுவார் என்று நினைத்தேன். "இங்க பக்கத்துல மியூசியம் இருக்காமே. செத்த புலியெல்லாம் உசுரோட நிக்கிற மாதிரி நிக்குமாமே. பார்த்துட்டுப் போவோம்லா" என்றார். நல்ல வெயில். எனக்கு எரிச்சல் மண்டியது. ஆனால் சம்பந்தி வீட்டார் கேட்டு இல்லை என்று சொல்ல முடியுமா? அம்மா குடையை எடுத்துக்கொண்டாள். நடந்தே போனோம். இத்தனை வருஷத்தில் அவளும் அந்தக் கட்டடத்துக்குள் கால் வைத்ததில்லை.

உள்ளே கற்பூரமும் பழைய தோலும் கலந்த ஒரு வாடை. கத்தி, ஈட்டி, பாய்மரப் படகு எல்லாம் பார்த்துக்கொண்டே வந்து, ஒரு பெரிய முதலை முன்னால் நின்றோம். பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி.

"தம்பி, இங்கிலீசுல என்னமோ எழுதியிருக்கே, படிச்சுச் சொல்லுங்க" என்றார் அத்தை.

நானும் யோசிக்காமல் படித்துச் சொன்னேன். "ரொம்ப வருசத்துக்கு முன்னாடி கிள்ளான் ஆத்துல சுட்டதாம். இதெல்லாம் வயித்துல கெடந்துச்சாம்."

வெள்ளைப் பஞ்சின் மேல் கூழாங்கற்கள், உடைந்த வளையல் துண்டு, ஒரு பித்தளைப் பொத்தான், ஒற்றைக் கடுக்கன்.

"ஆம்பளை போடுற கடுக்கன். நம்ம சனந்தான் போல, பாவம்" என்றார் அத்தை.

அம்மா குனிந்தாள். மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கியது. முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி குனிந்தாள். காவலாளி தொடக்கூடாது என்று மலாயில் அதட்டினான். அவள் நிமிர்ந்து, "யாரோ வசதியான வீட்டுப் பிள்ளை போலருக்கு. வாங்க, புலியைப் பாக்கலாம்" என்று அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

நான் பின்னாலேயே போய், "அம்மா, அப்பாவும் கடுக்கன் போட்டிருந்தாருன்னு சொல்வியே..." என்றேன்.

"அவரோடது செவப்புக் கல்லு. இது வெள்ளை. வாய மூடிக்கிட்டு வா."

எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, ஏமாற்றமாகவும் இருந்தது. புலியின் முன்னால் அத்தை வெகுநேரம் நின்றார். அம்மாவும் கூடவே நின்று, பல்லைப் பாருங்கள், நகத்தைப் பாருங்கள் என்று காட்டிக்கொண்டிருந்தாள்.

கல்யாணத்தன்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. குத்துவிளக்கை அம்மா ஏற்றவில்லை. அத்தையை ஏற்றச் சொன்னாள். சுமங்கலிகள் தொட்டுக் கும்பிட வந்த தாலித் தட்டு அவளிடம் வந்தபோது, அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று எழுந்து போனாள். ஆரத்தியும் அத்தைதான். பெற்றவள் ஒதுங்கி ஒதுங்கி நின்றாள். "எதுக்கும்மா அவங்களுக்கு இப்படி அடங்கிப் போறே? நம்ம வீட்டுக் கல்யாணந்தானே?" என்று சமையலறையில் பிடித்துக்கொண்டேன்.

"நீ போய்ப் பந்தியைப் பாரு" என்றாள்.

மறுநாள் தங்கையும் மாப்பிள்ளையும் அத்தையும் செமினிக்குப் பஸ் ஏறினார்கள். பஸ் மறைகிறவரை அம்மா சிரித்துக்கொண்டு கையாட்டினாள். வீட்டுக்குத் திரும்பியதும் உள்ளே வராமல் நேரே கொல்லைக் குழாயடிக்குப் போனாள். கட்டிய பட்டுப் புடவையோடு வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டாள். வாளி நிறைய நிறைய ஊற்றிக்கொண்டே இருந்தாள். சாவுச் சேதி கேட்டவர்கள் அப்படித்தான் தலை முழுகுவார்கள். துண்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவள் நெற்றியில் பொட்டு இல்லை.

"அவரு கடுக்கன் திருகு தேஞ்சு கழண்டு கழண்டு விழுதுன்னு நாந்தான் செப்புக் கம்பி சுத்திக் குடுத்தேன்" என்றாள். "அந்தக் கம்பி அப்படியே இருக்குடா."

துண்டை நீட்டினேன்; அவள் வாங்கவில்லை. தாலியைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். கை ஜில்லென்று இருந்தது.

"இத்தனை வருசமும் நடந்து போற தூரத்துலதான் இருந்திருக்காரு. நான் கடலுக்கு அந்தாண்ட இருக்காருன்னு நெனச்சு, வாய்க்கு வந்தபடி திட்டிக்கிட்டே இருந்திருக்கேன்."