டெல்பர்ட்டின் தொப்பியும் ட்வைலாவின் பலகையும்

ட்வைலாவுக்குக் காலில் சக்கரம். ஷெரீப் அலுவலகத்தில் எனக்குப் பக்கத்துக் கவுண்டரில் பத்தொன்பது வருஷமாக வேலை பார்க்கிறாள். அவள் நாற்காலி இன்னும் புதுசு. மேசைக்கும் கதவுக்கும் நடப்பாள், பேனாவை அமுக்கி அமுக்கி எடுப்பாள், நான் ஒரு சம்மனை எழுதி முடிப்பதற்குள் பத்து முறை ஜன்னலை எட்டிப் பார்ப்பாள். தலைவலி எனக்குத்தான்.

கைத்துப்பாக்கியை உடுப்புக்குள் மறைத்து எடுத்துப்போக லைசென்ஸ் கொடுக்கும் பிரிவு அவளுடையது. அமெரிக்காவில், ஓரிகன் மாநிலத்தின் கிழக்கே, எங்கள் பக்கம் அந்த லைசென்ஸ் இல்லாத வீடு குறைவு. முன்பெல்லாம் வியாழக்கிழமை காலையில் மட்டும் விண்ணப்பம் வாங்குவோம். விடிவதற்குள் வாசற்படியில் தொப்பி, பிளாஸ்க், கையுறை என்று வரிசையாக இடம் பிடித்திருக்கும். உடையவர்கள் எதிர்க் கடையில் முட்டையும் காபியுமாக உட்கார்ந்திருப்பார்கள். அடுத்தவன் தொப்பியை ஒருவரும் தொட மாட்டார்கள். யாருக்காவது நிஜமான அவசரம் என்றால், தொப்பிக்காரரே வந்து தன் தொப்பியை அவருக்குப் பின்னால் நகர்த்தி வைப்பார்.

ட்வைலாவுக்கு அந்த வரிசை பொறுக்கவில்லை. இது அலுவலகமா தொப்பிக்கடையா என்று ஷெரீப்பை நச்சரித்து, எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்கு மாற்றினாள். விண்ணப்பமும் அதில், நேரம் குறிப்பதும் அதில். குறித்த நேரத்துக்கு வந்து கைரேகை கொடுத்தால் போதும். சிபாரிசுக்கு இடம் கூடாது, ஊழியர்கள்கூட நடுவில் புகுந்து மாற்ற வழி வைக்காதீர்கள் என்று கேட்டு வாங்கியவளும் அவளே. தன் கையாலேயே பலகை எழுதி வாசலில் மாட்டினாள்: நேரில் வந்தால் விண்ணப்பம் வாங்க மாட்டோம். ஒருவர் நேரத்தை இன்னொருவருக்கு மாற்ற முடியாது.

டெல்பர்ட் எழுபது வயது மாட்டுப் பண்ணைக்காரர். படியில் முதல் தொப்பி எப்போதும் அவருடையதுதான். லைசென்ஸைப் புதுப்பிக்க மூன்று முறை நேரில் வந்தார். மூன்று முறையும் ட்வைலா பலகையைக் காட்டித் திருப்பி அனுப்பினாள்.

டிசம்பரில் ரோஷெல் வந்தாள். முதியோர் இல்லத்தில் வேலை. இருட்டோடு கிளம்பி முப்பது மைல் தனியாக வண்டி ஓட்ட வேண்டும். அவள் தாடையை உடைத்துவிட்டுச் சிறைக்குப் போன பழைய கணவன் இரண்டு வாரத்தில் வெளியே வருகிறான். பயிற்சிச் சான்றிதழ் எல்லாம் தயாராக வைத்திருந்தாள். கம்ப்யூட்டர் காட்டிய முதல் நேரமோ ஏழு வாரம் கழித்து.

ட்வைலா நடந்தாள். மறுநாள் பத்து மணி அவளுடைய சொந்த லைசென்ஸைப் புதுப்பிக்கக் குறித்த நேரம். அதை ரத்து செய்கிறேன், உடனே உன் போனில் அமுக்கிப் பிடித்துக்கொள் என்று ரோஷெலிடம் சொன்னாள். ரத்து செய்தாள். ரோஷெலின் போனில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்க, திரையில் வேறு பெயர் விழுந்துவிட்டது. டெல்பர்ட். மூன்று வாரமாக மனுஷன் எதிர்க் கடையில் உட்கார்ந்து, காலி நேரம் விழுமா என்று போனை அமுக்கிக்கொண்டிருந்தாராம். தன் வினை தன்னைச் சுடும் என்று வாய் வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன்.

கோட்டுகூடப் போடாமல் பனியில் ரோட்டைக் கடந்து போனாள். நானும் பின்னாலேயே போனேன். அந்த நேரத்தை ரோஷெலுக்கு விட்டுத்தரும்படி அவள் சொன்னதையெல்லாம் டெல்பர்ட் முட்டையைத் தின்றபடியே கேட்டார்.

"பலகையில என்ன எழுதியிருக்கு, ட்வைலா?"

"ஒருத்தர் நேரத்தை இன்னொருத்தருக்கு மாத்த முடியாதுன்னு."

"எழுதினது யாரு?"

"நான்தான்."

"மூணு தடவை அதைக் காட்டித்தானே என்னைத் தொரத்தின? எனக்கும் இந்த மாசத்தோட லைசென்ஸ் முடியுது. போ, உன் கம்ப்யூட்டர் பொட்டிகிட்டயே போய்க் கேளு."

கிழவனை அடிக்கலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் தப்பும் இல்லை.

மறுநாள் பத்து மணிக்கு ரோஷெல் கவுண்டர் முன்னால் நின்றாள். நேரம் இல்லை என்று தெரிந்தும் போக மனசில்லாமல் நின்றாள். டெல்பர்ட் உள்ளே வந்தார். அவள் முகத்தைப் பார்த்தார். தாடை கோணலாகத்தான் சேர்ந்திருந்தது. குளிக்கும்போதுகூடக் கழற்ற மாட்டார் என்று ஊரே கேலி பேசும் அந்தத் தொப்பியைக் கழற்றி, குனிந்து, அவள் குதிகாலுக்குப் பின்னால் தரையில் வைத்தார்.

"நான் இவங்களுக்கு அடுத்தாப்ல," என்றார்.

ட்வைலா அலமாரியிலிருந்து பழைய காகித விண்ணப்பத்தை எடுத்தாள். ரோஷெலின் விரல்களை ஒவ்வொன்றாக மையில் உருட்டினாள். அதை முடித்துவிட்டு வாசலுக்குப் போய்ப் பலகையைக் கழற்றினாள்.

வியாழக்கிழமைகளில் திரும்பவும் தொப்பிகள் வந்துவிட்டன. முதல் வாரம் டெல்பர்ட்டின் தொப்பிக்குப் பின்னால் ட்வைலாவின் சாப்பாட்டு டப்பா இருந்தது. பத்து மணியை ரோஷெலுக்குக் கொடுத்த அவர் லைசென்ஸும் அவள் லைசென்ஸும் அதற்குள் காலாவதியாகியிருந்தன.

பழைய கணவன் சிறையிலிருந்து வெளியே வருவதற்கு முந்தின நாள் ரோஷெலுக்கு லைசென்ஸ் அட்டை கிடைத்தது. கைப்பையில் துப்பாக்கி இருப்பதால் அந்தப் பெண் தப்பிவிடுவாளா? எனக்குத் தெரியாது, ட்வைலாவுக்கும் தெரியாது. தினமும் காலை எட்டு மணிக்கு, வேலைக்குப் போய்ச் சேர்ந்ததும், ரோஷெல் போன் செய்து "வந்துட்டேன்" என்கிறாள். அதுவரை ட்வைலா நடக்கிறாள். எட்டு ஐந்துக்கும் மணி அடிக்காவிட்டால் சம்மனை ஒதுக்கி வைத்துவிட்டு நானும் எழுந்து அவளோடு நடக்கிறேன்.