மேடேறாத வேன்

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் அரசாங்க வயர்லெஸ் பிரிவில் மெக்கானிக். கோவில்பட்டி நிலையத்துக்கு ரிப்பீட்டர் வேன் ஒன்று தயார்செய்யும் வேலையை என் தலையில் கட்டினார்கள். தூரத்து ஜீப்பில் பேசுவது நிலையத்துக்கு எட்டாது. நடுவில் ஒரு மேட்டில் வேன் நின்று, அந்தப் பேச்சை வாங்கி உரக்கத் திருப்பி அனுப்ப வேண்டும்.

இரண்டு ரிப்பீட்டர்கள் வந்திருந்தன. சின்னது கொஞ்சம் கரகரக்கும். பெரியதற்கு நாலு லாரி பேட்டரி வேண்டும். சித்திரை வெயிலில் சோதித்துப் பார்த்தோம். கரிசல்காடு பாளம் பாளமாக வெடித்து, கல்லாக இறுகிக் கிடந்தது. வேன் கடகடவென்று மேடேறியது. ஓட்டப்பிடாரத்துக்கு அந்தப் பக்கமிருந்து ஜீப் டிரைவர் பேசியது, பெரிய பெட்டியில் பக்கத்து வீட்டுப் பேச்சாகக் கேட்டது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

மேட்டுக்குத் திரும்பி வந்த ஜீப் டிரைவர் பேட்டரிகளைப் பார்த்தான்.

"அண்ணாச்சி, இம்புட்டு பாரத்தோட ஐப்பசியில இங்கன ஏற முடியாது. சின்னதே போதும்."

"நீ வண்டிய ஓட்டு. பெட்டிய நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். அப்போது எனக்கு வாய் நீளம். பெரியதையே வேனில் பொருத்தினேன்.

ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. வெள்ளம் சூழ்ந்த ஒரு கிராமத்தைப் பார்த்துவர அவன் தனியாக ஜீப்பில் போனான். நான் வேன் டிரைவரோடு மேட்டுக்குப் புறப்பட்டேன். தார் ரோட்டை விட்டு இறங்கியதும் சேறு சக்கரத்தைக் கவ்விக்கொண்டது. அச்சு வரை புதைந்து, வேன் பள்ளத்திலேயே நின்றுவிட்டது. அங்கிருந்து கோவில்பட்டியைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டியது. பதில் இல்லை. ஜீப்புக்கு மட்டும் எட்டியது.

"அண்ணாச்சி, ஓடைக்குள்ள வண்டி நின்னுட்டு. தண்ணி ஏறுது. லாரி அனுப்பச் சொல்லுங்க."

வருகிற பஸ்ஸில் போய்ச் சொல்லும்படி வேன் டிரைவரை ரோட்டுக்கு விரட்டினேன். வெகுநேரம் ஒரு பஸ்ஸும் வரவில்லை.

"அண்ணாச்சி, கேக்குதா? நான் இறங்கி நீந்திரட்டா?"

அவன் சொன்னபடியே வேன் புதைந்து கிடக்கிறது என்று அவனிடமே சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

"சொல்லியாச்சுடே, லாரி கெளம்பிட்டு. இறங்காத, வண்டியிலேயே இரு."

கடைசியில் ஒரு பஸ் வந்து, நிலையத்துக்குச் சேதி எட்டி, லாரி போய்ச் சேர்ந்தபோது ஜீப் கவிழ்ந்து கிடந்தது. அவனை மறுநாள்தான் எடுத்தார்கள். விசாரணையில் மழையைக் காரணமாக எழுதினார்கள். நான் வாய் திறக்கவில்லை. இன்றுவரை அந்தப் பாவம் என்னோடுதான் இருக்கிறது.

பதினாறாம் நாள் அவன் மனைவி என்னிடம் வந்தாள்.

"அவிய கடைசியா ஒங்ககிட்டதான் பேசுனாவளாம். என்ன சொன்னாவ?"

"'சரி அண்ணாச்சி, இருக்கேன்'னு சொன்னான்."

"அப்போ பயப்படாமத்தான் இருந்திருக்காவ" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.