ஐந்தாம் மாடி மிக்லோஷ் வரைந்த அம்மா

மிளகாய்த்தூளுக்கு வறுக்கிற மணமும் டர்பன்டைன் நெடியும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு படியிறங்கி வரும் கட்டடத்தில்தான் நான் வளர்ந்தேன். பாரிசில், ரூ பிலிப்-து-ஜிரார் என்ற தெருவில், கீழே சேலைக்கடை, இரண்டாம் மாடியில் ஊர்ச் சண்டைக்குத் தப்பி வந்த நாங்கள், ஐந்தாம் மாடியில் கூரைக் கண்ணாடிக்குக் கீழே மிக்லோஷ் என்ற ஓவியர். எங்கள் மிளகாய்க்கு அவர் தும்முவார், அவருடைய எண்ணெய்க்கு அப்பா மூக்கைப் பொத்துவார், ஆனால் இருவரும் ஒருநாளும் முறைப்பாடு செய்ததில்லை. "அகதி மேலை அகதி வழக்குப் போடக்கூடாது" என்பார் அப்பா.

மிக்லோஷ் ஹங்கேரிக்காரர். சோவியத் டாங்கிகள் ஊருக்குள் வந்த காலத்தில், இருபது வயதில், ஒரு தோல்பையோடு எல்லையை நடந்தே கடந்தவர். பாரிசில் எங்கள் ஆட்களைப் போலவே முதலில் "கோப்பை கழுவி"யிருக்கிறார். பிறகு தெரு ஓவியர்கள் கூடுகிற குன்றின் மேல் உட்கார்ந்து சுற்றுலாக்காரரின் முகங்களைக் கரித்துண்டால் கீறியிருக்கிறார். அப்படிக் கீறிய ஒரு முகம் நீதிபதி ஒருவரின் மனைவியுடையதாயிருக்க, அது அந்த அம்மாவுக்குப் பிடித்துப்போக, நீதிபதியே வந்து அமர, அவரைப் பார்த்து வைத்தியர்களும் செனட்டர்களும் வர, இருபத்தைந்து வருடங்களாகப் பிரான்சின் பெரிய மனிதர்கள் அவர் முன்னால் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதற்குப் பிறகு பெரிய மனிதர்கள் புகைப்படக்காரரிடம் போகத் தொடங்கிவிட்டார்கள். எனக்குப் பத்து வயதானபோது அவருடைய கதவைத் தட்டியவர்கள் தபால்காரரும் என் அம்மாவும் மட்டும்தான்.

அம்மா ஒரு ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். அந்தத் தொழில் உறவிலேயே வெள்ளிக்கிழமை தோறும் மரக்கறிச் சோறு மேலே போகும். அம்மாவின் பிரெஞ்சையும் அவருடைய பிரெஞ்சையும் சேர்த்துக் கேட்டால் ஒரு பிரெஞ்சு வாத்தியார் வேலையை விட்டிருப்பார், ஆனால் அவர்கள் மணிக்கணக்காகப் பேசினார்கள்.

ஒருமுறை "மெரி", அதாவது நகரசபை, தன் கட்டடத்திலேயே வட்டாரத்து ஓவியர்களுக்காகக் கண்காட்சி வைத்தது. பத்து வருடங்களாக எவரும் அழைக்காத மிக்லோஷுக்கு ஒரே ஒரு படத்துக்கு இடம் கிடைத்தது. இதுதான் கடைசி அழைப்பு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த ஒரு படத்துக்கு அவர் என் அம்மாவை உட்காரச் சொன்னார். அம்மாவோ தன் தாலிக்கொடி போதாதென்று சேலைக்கடை மச்சாளின் அட்டியலையும் காப்பையும் வாங்கிப் போட்டுக்கொண்டு தேர்த்திருவிழாவுக்குப் போகிறவர் மாதிரி ஏறிப்போனார். எனக்கு வெட்கமாயிருந்தது. மிக்லோஷ் சிரிக்கவில்லை. நீதிபதிகளின் பதக்கங்களை வரைந்த அதே பொறுமையோடு அட்டியலின் ஒவ்வொரு கல்லையும் வரைந்தார். முடிந்த படத்தில் அம்மா, எல்லாச் சாட்சிகளையும் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்ல வாயெடுக்கிற பெண்ணாக இருந்தார்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பெரிய படச்சட்டம் போட்டுச் சுவரில் ஏறுகிறவர்கள் செத்தவர்கள் மட்டும்தான். மெரிக்காரருக்கு அது எப்படித் தெரியும்? அம்மாவின் படத்தை வாசலோடு மாட்டி, மேலே ஒரு சின்ன விளக்கும் கீழே ஒரு சாடி நிறைய வெள்ளைப் பூவும் வைத்துவிட்டார்கள். பாரிசுக்கு வெளியே கூசேன்வில்லில் இருந்த சித்தப்பா, கூட்டாளி ஒருவரின் கலியாண எழுத்துக்குச் சாட்சியாக அங்கே வந்தவர், பூவைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். எங்களோடு ஆறு மாதமாகக் கோபத்தில் இருந்த மனிதர். அந்தக் கோபத்தில்தான் தனக்குச் செத்தவீடு சொல்லாமல் விட்டுவிட்டோம் என்று முடிவுகட்டி, ஊருக்கெல்லாம் டெலிபோன் அடித்துவிட்டார்.

அன்று பின்னேரம் பொண்டிப் புறநகரிலிருந்து பெரியம்மா கீழ்ப்படியிலிருந்தே ஒப்பாரி வைத்துக்கொண்டு வந்தார், பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர். ரொட்டிக்குப் பிசைந்த மாக்கையோடு அம்மாவே கதவைத் திறந்தார்.

"நீ இருக்கிறியா?" என்றார் பெரியம்மா, அழுகையை நிறுத்தாமலே.

"இருக்கிறன் அக்கா. உள்ளுக்கை வாங்கோ, தேத்தண்ணி போடுறன்."

வந்தவர்கள் குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டு போனார்கள். அப்பா சிரிக்கவில்லை. ஊரில் இரண்டு தம்பிமாரைப் பறிகொடுத்தவர் அவர். "இஞ்சை பாரும், நீர் செத்திட்டீர் எண்டு சனம் ஒருக்காச் சொல்லிப்போட்டுது. இனி அந்தப் படம் அங்கை இருக்கக்கூடாது" என்றவர், தானே ஐந்தாம் மாடிக்கு ஏறிப்போய்ச் சொல்லியும் விட்டார். மிக்லோஷ் நாளைக்கே கழற்றுகிறேன் என்றாராம். கழற்றினால் அந்த இடத்தில் வைக்க அவரிடம் வேறு படம் இல்லை.

அம்மா கையைக் கழுவிவிட்டு வந்து சொன்னார்: "அந்த அண்ணை வாழ்நாள் முழுக்கப் பெரிய ஆக்களைக் கீறினவர். கடைசியா என்னைக் கீறியிருக்கிறார். நான் கழட்ட விடமாட்டன். ஆருக்குச் சந்தேகமோ வந்து பாக்கட்டும், நான் பக்கத்திலையே நிக்கிறன்."

நின்றார். சனிக்கிழமை, அதே சேலை, அதே அட்டியல், மெரி திறந்ததிலிருந்து பூட்டும் வரை, தன் படத்துக்குப் பக்கத்தில். செய்தி பரவி எங்கள் சனம் வரிசையில் வந்து அம்மாவின் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் படத்தைப் பார்த்தது. சித்தப்பா வந்து தலையைச் சொறிந்தார். கோபம் அத்தோடு முடிந்தது. மத்தியானத்துக்கு மேல் அப்பாவும் வந்து, அம்மாவின் கைப்பையை வாங்கி வைத்துக்கொண்டு மறுபக்கத்தில் நின்றார். மிக்லோஷ் என்னிடம் பிரெஞ்சில் சொன்னார்: "எத்தனையோ நீதிபதிகளை வரைந்தேன். எல்லோரும் காரோட்டியை அனுப்பிப் படத்தை எடுத்துக்கொண்டார்கள். ஒருவரும் இப்படி வந்து நின்றதில்லை." அவர் கண் கலங்கியிருந்தது. பாரிசில் அன்று என்னளவு பெருமைப்பட்ட பிள்ளை இருந்திருக்க முடியாது.

மிக்லோஷ் காலமாகிச் சில வருடங்களாகின்றன. அவருடைய அறையில் இப்போது கணினி வேலை செய்கிற ஒரு பிள்ளை இருக்கிறதாம், சேலைக்கடை டெலிபோன் கடையாகிவிட்டது, நாங்களும் பொண்டிக்கு வந்துவிட்டோம். ஊரையெல்லாம் வரைந்த மனிதரை யாரும் வரைந்து வைக்கவில்லை. தேடித் தேடி அடையாள அட்டைப் படம் ஒன்றுதான் கிடைத்தது. அதை அம்மா எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா ஷப்பலில் கொடுத்துப் பெருப்பித்து, சட்டம் போட்டு, அப்பா பறிகொடுத்த தம்பிமாரின் படங்களுக்குப் பக்கத்தில் மாட்டி மாலையும் போட்டார்.

வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள், ஆரக்கா இந்த வெள்ளைக்காரன் என்று.

"அவரோ," என்பார் அம்மா, "என்னை உயிரோடை சுவரிலை ஏத்தின மனுசன்."