தோண்டிய மண் போன இடம்

1991இல் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பட்டறை நிலத்தைச் சுத்தம் செய்ய அரசாங்கம் பணம் ஒதுக்கியது. அங்கே தோண்டிய மண்ணில் ஒரு லோடு எங்கே போனது என்று எனக்கு நன்றாகத் தெரியும். சேரப்பணஞ்சேரி பக்கம், எங்கள் வீட்டுப் பின்புறத்தில் வந்து விழுந்தது.

சைக்கிள் சாமான்களுக்குப் பளபளவென்று முலாம் பூசும் பட்டறை அது. பல வருடம் அமிலத் தண்ணீரைத் தரையிலேயே விட்டார்கள். முதலாளி ஒரு நாள் பூட்டிவிட்டுப் போனவர் திரும்பவில்லை. அந்த இடத்தில் அரசாங்கம் கடைகள் கட்ட முடிவு செய்தது. மண் கெட்டுப் போயிருக்கிறது, ஆழமாகத் தோண்டி அப்புறப்படுத்த வேண்டும் என்று அதிகாரிகள் எழுதி, பணமும் வாங்கினார்கள். அந்த வேலையை எடுத்த கான்ட்ராக்டரிடம் என் அண்ணன் டிப்பர் லாரி ஓட்டினான். மண்ணைப் பற்றி அவனிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எங்கள் வீட்டுப் பின்புறம் பள்ளம். ஒவ்வொரு மழைக்கும் சமையலறை வாசல் வரை தண்ணீர் வரும். "வேணும்னா ஒரு லோடு வூட்டுக்கு எடுத்துக்கினு போ" என்று கான்ட்ராக்டர் சொன்னதும் அண்ணன் அவ்வளவு சந்தோஷமாக ஓட்டிக்கொண்டு வந்தான்.

அம்மாதான் மண்வெட்டியால் பரப்பினாள், வெறுங்காலோடு.

"இன்னாடா, மஞ்சளா கீது?"

"களிமண்ணுமா. அப்டித்தான் இருக்கும்."

ஐப்பசி மழையில் அந்த மண்ணின் மேல் தேங்கிய தண்ணீர் மஞ்சள் கரைத்ததுபோல் நின்றது. இரண்டு கோழிகள் அதைக் குடித்துச் செத்தன. அம்மாவின் கால் விரலிடுக்கில் புண் வந்தது. துளைபோட்டதுபோல் வட்டமாக, ஆழமாக, எந்தக் களிம்புக்கும் ஆறாத புண்.

நான் அப்போது படப்பையில் ஒரு தையல் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். அங்கிருந்த டாக்டரிடம் அம்மாவை அழைத்துப் போனேன். அவர் காலைப் பார்த்துவிட்டு, "முலாம் பட்டறையில வேலை செய்யறீங்களாம்மா? அங்க இருக்கறவங்களுக்குத்தான் இந்த மாதிரிப் புண்ணு வரும்" என்றார்.

அம்மா திகைத்துப் போனாள். "பட்டறை எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது சாமி."

அந்த ஒரு கேள்வியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விஷயத்தைச் சொன்னதும் அண்ணன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தான்.

மறுநாள் நாங்கள் இருவரும் பட்டறை நிலத்துக்குப் போனோம். புது செம்மண் கொட்டி அழகாகச் சமன் செய்திருந்தார்கள். கீற்றுக் கொட்டகையில் இன்ஜினியர் உட்கார்ந்திருந்தார்.

"இங்க தோண்டின மண்ணுல இன்னா சார் கீது?" என்றான் அண்ணன்.

"அதெல்லாம் உனக்கு எதுக்குப்பா?"

"எங்க வூட்டாண்ட கொட்னேன் சார். எங்கம்மா காலு புண்ணாப் போச்சு."

"உன்னை யாரு வீட்டுல கொட்டச் சொன்னது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்ப எங்க சார் கொட்டணும்? அதைச் சொல்லுங்க."

அவர் கொட்டாவியை அடக்கிக்கொண்டே சொன்னார். "தோண்ட, ஏத்த, வெளியில கொண்டு போகத்தான்மா பணம் சாங்ஷன் ஆச்சு. எங்க போடறதுன்னு அதுல எதுவும் கிடையாது. இந்த இடம் சுத்தமாயிடுச்சு. எங்க வேலை முடிஞ்சுது."

"உங்க எடம் சுத்தமாச்சு. எங்க வூடு?" என்றேன்.

"ஏம்பா, உன் தங்கச்சியைக் கூட்டிக்கினு போ."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கான்ட்ராக்டரைக் கேட்காமலே டிப்பரைக் கொண்டுவந்தான். கையிலும் காலிலும் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு, நானும் அவனும் அந்த மண்ணை முழுக்க வாரி ஏற்றினோம். அம்மா வாசலிலிருந்தே கத்தினாள், "மூக்கை மூடிக்கங்க, மூக்கை மூடிக்கங்க" என்று. பட்டறை நிலத்தின் வாட்ச்மேன் எங்களைப் பார்த்ததும் கேட்டைப் பூட்டினார். அண்ணன் கேட்டை ஒட்டி லாரியைத் திருப்பி நிறுத்தித் தொட்டியைத் தூக்கினான். மண் சரிந்து பாதி கேட்டை மூடியது.

"உங்க மண்ணு. நீங்களே வெச்சிக்கங்க!" என்று வாட்ச்மேனைப் பார்த்துக் கத்தினான்.

கான்ட்ராக்டர் வந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டு வேலையை விட்டு விரட்டினார். நாங்கள் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தோம். வேலை போனதற்கு அண்ணன் வருத்தப்படவில்லை. ஜெயித்துவிட்டதாகவே நினைத்தோம்.

மறுநாள் சாயங்காலம் போய்ப் பார்த்தபோது கேட் முன்னால் இடம் பெருக்கிவிட்டதுபோல் இருந்தது. எதிர் டீக்கடைக்காரர், "காலையில வேற லாரி வந்து வாரிக்கினு போச்சே" என்றார்.

"எங்க?"

"எனக்கு இன்னாமா தெரியும்?"

இன்ஜினியர் பேசியபோதுகூட எனக்கு அவ்வளவு கோபம் வரவில்லை. எங்களுக்கு நேர்ந்தது இன்னொரு வீட்டுக்குப் போய்விட்டது. அதை அங்கே அனுப்பியவர்களுக்குப் பெயர் நிலத்தைச் சுத்தம் செய்தவர்கள்.

அண்ணன் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்த மண்ணைத் தேடப் போனான். தெரிந்த டிரைவர்களையெல்லாம் கேட்டான். ஒருவர் ஏரிக்கரை என்றார், ஒருவர் யாரோ புதிதாகப் போடும் மனை என்றார். அவன் திரும்பி வரும்போதெல்லாம் அம்மா கட்டுப்போட்ட காலை நீட்டி உட்கார்ந்தபடி கேட்பாள்.

"கெடச்சிதாடா?"

"இல்லம்மா."

"அங்கயும் யாராவது வெறுங்கால்ல நிப்பாங்கடா."

தை பிறந்தபின்தான் அவள் புண் ஆறியது, குழிகள் அப்படியே நின்றுவிட்டன. அண்ணனுக்கு வேறு லாரியில் வேலை கிடைத்தது, தேடுவதும் நின்றது. பட்டறை நிலத்தில் கடைகள் வந்து திறப்பு விழாவும் நடந்தது. மேடையில் பேசியவர்கள் பாழ் நிலத்தைப் பொன் நிலமாக்கினோம் என்றார்களாம். எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. அந்த மண் எந்த வீட்டில் கிடக்கிறது என்று இதுவரை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.