கொரின் பேசிய நிரல்

அமெரிக்காவின் டுலூத் துறைமுகத்தில் முப்பத்தொரு வருஷம் கம்ப்யூட்டர் நிரல் எழுதியவர் வாரன் ஹாக்லுண்ட். அவரிடம் வேலை பழகியவர்கள் எல்லாரும் ஒரே திட்டைத்தான் வாங்கியிருக்கிறார்கள். மெஷினில்தான் கோளாறு என்று யாராவது வாயெடுத்தால் போதும், "மொதல்ல உன் நிரலைப் பாரு, பழிய அப்புறம் போடலாம்" என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்லிவிடுவார். பெரும்பாலும் அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும். அந்தத் திமிரோடுதான் ஓய்வும் பெற்றார்.

மனைவி கொரினுக்கு நரம்பு நோய். கையும் காலும் போய், போன வருஷம் பேச்சும் போனது. மிஞ்சியது கண்ணசைவு மட்டும். பேச்சு இருக்கும்போதே வாரன் அவள் குரலைப் பதிந்து வைத்திருந்தார். திரையில் அவள் பார்க்கும் எழுத்துகளைக் கோத்து, அவள் குரலிலேயே பேசும் நிரல் ஒன்றைத் தானே எழுதினார். அதன் வழியாக அவள் அவரைத் திட்டித் தீர்த்தாள். தாடியை மழி, வாசல் பனியைத் தள்ளு, காபி தண்ணியாக இருக்கிறது. வாரனுக்கு அதைக் கேட்கக் கேட்க அலுக்கவில்லை.

ஒரே குறை, பேச்சு மெதுவாக வந்தது. "நான் திட்டி முடிக்கறதுக்குள்ள நீ மாடிக்குப் போயிடுற" என்றாள் கொரின். நிரலுக்கு அடியில், அதைத் தாங்கி ஓட்டும் விர்ச்சுவல் மெஷின் என்ற மென்பொருளுக்கு வேகமான புதுப் பதிப்பு வந்திருந்தது. இன்னும் நிலைப்படாதது என்று அதிலேயே எழுதியிருந்தது. ஆசை யாரை விட்டது? சனிக்கிழமை காலையில் அதை ஏற்றினார். தன் நிரலிலும் நாலு வரி மாற்றினார். அன்று முழுக்க அவள் சரளமாகப் பேசினாள்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாம் நின்றது. இரண்டு மூன்று எழுத்து வரும், பிறகு திரை உறைந்துவிடும். வாரன் வழக்கம்போலத் தன் நிரலைத்தான் சந்தேகப்பட்டார். அந்த நாலு வரியை எடுத்தார். அப்புறம் நானூறு வரியைப் பிரித்துப் போட்டார். அடியில் இருந்த மெஷின்மேல் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. ஊருக்கெல்லாம் சொன்ன புத்தி அவர் கண்ணையே மறைத்துவிட்டது.

மகள் டெஸ் தினமும் சாப்பாடு கொண்டுவருவாள். எழுத்துகள் எழுதிய அட்டை ஒன்று வீட்டில் இருந்தது. யாராவது பொறுமையாக விரலை நகர்த்தினால், வேண்டிய எழுத்தில் கொரின் கண் சிமிட்டுவாள். செவ்வாய்க்கிழமை டெஸ் அதை எடுத்து அப்பாவிடம் நீட்டினாள்.

"அப்பா, அந்தக் கம்ப்யூட்டர விட்டுட்டு வாங்க. அம்மா ரெண்டு நாளா உங்களையே பாத்துக்கிட்டிருக்காங்க."

"பத்து நிமிஷம்மா. கிட்டத்தட்டப் புடிச்சுட்டேன்."

டெஸ்ஸே அட்டையைப் பிடித்தாள். வாரன் என்ற பெயரை முடிப்பதற்குள் கொரினுக்குக் களைத்துவிட்டது. பத்து நிமிஷம் ராத்திரி வரைக்கும் போயிற்று.

புதன்கிழமை நண்பகல், வேறு வழியில்லாமல் வாரன் இணையத்தில் கேட்டார். முகம் தெரியாத ஒருவர் ஒரே வரியில் பதில் போட்டார்: அந்தப் பதிப்பு எல்லாருக்கும் பாதியில் உறைந்து நிற்கிறது, பழையதற்குத் திரும்புங்கள். பழையதை ஏற்ற நாலு நிமிஷம்தான் ஆயிற்று. அவர் நிரலில் ஒரு பிழையும் இல்லை.

கட்டிலுக்கு ஓடித் திரையைத் திருப்பி வைத்தார். அதற்குள் நோய் கண்ணையும் தொட்டிருந்தது; கொரினின் இமை பாதிக்குமேல் ஏறவில்லை. பார்வை ஒரு எழுத்திலும் நிற்கவில்லை. "என்ன சொல்ல வந்த, சொல்லு" என்று மன்றாடினார். வெள்ளிக்கிழமை காலையில் அவள் போய்விட்டாள். அவளுக்கு என்ன சொல்ல இருந்தது என்பது இனி யாருக்கும் தெரியாது. மூன்று நாளும் எட்டடி தூரத்தில் உட்கார்ந்திருந்த மனுஷனுக்கு அதைவிடத் தண்டனை வேண்டாம்.

அடக்கம் முடிந்த மறுவாரம், தொழில் பழக்கத்தில் பிழை அறிக்கை எழுதி அனுப்பினார். மெஷினைப் பராமரிப்பவர்கள் மரியாதையாக நன்றி சொன்னார்கள். புதுப் பதிப்பில் சரிசெய்துவிட்டோம், நிரலைப் பயன்படுத்துபவரை வைத்துச் சோதித்துச் சொன்னால் இந்த அறிக்கையை முடித்துவிடலாம் என்று கேட்டார்கள்.

வாரன் பதில் எழுத உட்கார்ந்தார்.

"சோதிக்க அவள் இல்லை" என்று எழுதினார். "முடித்துவிடுங்கள்."