இரண்டு தரம் இழுத்த பிறேக்

எனக்கும் என் மனைவியின் தம்பிக்கும் ஒரே நாளில்தான் லைசென்ஸ் கிடைத்தது. அவனுடைய படத்தில் அவன் சிரிக்கிறான். என்னுடையதில், யாரோ பிடித்து நிறுத்திவைத்ததுபோல் நிற்கிறேன். படத்தைக்கூட அவனுடையதோடு ஒப்பிட்டுப் பார்க்கும் புத்தி எனக்கு.

அப்போது கிளிநொச்சியில் ஒரு நெல் மில்லுக்கு நான் மாட்டு வண்டியில் மூட்டை ஏற்றினேன். மச்சான் அதே மில்லில் சாக்குத் தைத்தான். முதலாளியின் பழைய கறுப்புக் காரை ஓட்டிய றைவருக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"ரெண்டு பேரும் பழகுங்கோ. லைசென்ஸ் எடுத்தாப்பிறகு ஆருக்குக் காரெண்டு சொல்லுறன்."

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். மாட்டின் பின்னால் போகாமல் சீட்டில் இருந்து உழைக்க வேறு வழி வராது என்று தெரியும். அந்தக் கார் எனக்குத்தான் வேண்டும் என்று அன்றே நினைத்துவிட்டேன்.

மச்சான் மூன்று நாளில் கியர் மாற்றப் பழகிவிட்டான். நானோ நிறுத்த வேண்டிய இடத்திலெல்லாம் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு இழுத்துப் பின்னால் சாய்வேன். மாட்டை நிறுத்திய கை அது. கால் பிறேக்கைத் தேடிப் பிடிப்பதற்குள் கார் வேலியில் முட்டிவிடும்.

"அத்தான், அது மாட்டின்ர நாணயக்கயிறில்லை. இழுத்தால் கழண்டு கையோட வந்திடும்" என்பான். நெல் காயப்போடும் பெண்கள் சிரிப்பார்கள். வீட்டில் என் மனைவியும் எனக்குச் சோறு போட்டபடியே, "தம்பிக்கு அது பிறவியில வந்த கை" என்பாள்.

ஆனால் அவனுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. அவன் திருவிழாவுக்குப் போயிருந்த ஒரு பின்னேரம், றைவரோடு நான் தனியே குளக்கட்டில் காரை ஏற்றினேன். பாதி ஏற்றத்தில் நிறுத்திக் கை பிறேக்கை இழுத்தேன். பிடித்ததுபோல் இருந்துவிட்டுக் கார் பின்னால் வழுகியது.

"விட்டிட்டு இன்னொருக்கா இழு. ரெண்டாந்தரம்தான் பிடிக்கும்" என்றார் றைவர். கேட்டால் ஒழிய எதையும் சொல்லாத மனிதர் அவர்.

கிளிநொச்சி ரோட்டில் மேடு ஏது? அதனால் அந்தக் குறை யாருக்கும் தெரியவில்லை. ஆனால் வவுனியாவில் லைசென்ஸ் சோதனை எடுக்கும் ஐயா அங்குள்ள குளக்கட்டு ஏற்றத்தில் காரை நிறுத்தி எடுக்கச் சொல்வார் என்பது எல்லோருக்கும் தெரியும். நான் மச்சானிடம் சொல்லவில்லை. கூச்சக்காரன் பேசாமல் இருந்தால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

சோதனை நாளில் முதலாளியின் காரில் அவன் முதலில் போனான். நான் கீழே மருத மரத்தடியில் நின்று பார்த்தேன். ஏற்றத்தில் கார் நின்றது. பிறகு பின்னால் வழுகியது. எனக்கு வந்த சந்தோசத்தை இங்கே மறைத்து எழுத விரும்பவில்லை. அடுத்த கணம் கார் குலுங்கி நின்று, மெல்ல ஏறிப் போனது. திரும்பி வந்து இறங்கியபோது ஐயா சிரித்துக்கொண்டிருந்தார்.

மச்சான் அந்த வெய்யிலில் என்னிடம் ஓடி வந்தான்.

"அத்தான், கை பிறேக் வழுகுது. ஒருக்கா இழுத்திட்டு நம்பாதேங்கோ. விட்டிட்டுத் திரும்ப இழுங்கோ."

"ஐயா ஏன் சிரிக்கிறார்?"

"கிளிநொச்சிக் கார் ஐயா, மேட்டைக் கண்டு பயந்திட்டுது எண்டு சொன்னனான்."

எனக்கு அப்படி ஒரு பேச்சு இந்தப் பிறவியில் வராது. நான் இரண்டு தரம் இழுத்தேன். பாஸானேன்.

மில்லுக்குத் திரும்பியதும் அவன்தான் முதலில் வாய் திறந்தான். "அத்தானும் பாஸ். பிறேக் விசயத்தை நான் சொன்னபடியால் தப்பினார்."

முதலாளி என்னைப் பார்த்தார். "உண்மையே?"

எனக்கு முன்பே தெரியும் என்று சொல்லலாம். சொன்னால், பிறகு ஏன் இவனுக்குச் சொல்லவில்லை என்று கேட்பார்.

"ஓம்" என்றேன்.

"அப்ப சொல்லிக் குடுக்கிறவனுக்குக் கார். சொன்னதைக் கேக்கிறவனுக்கு உழவு மெசின்" என்று சிரித்தார் முதலாளி.

கார் போனதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அவன் அப்படி ஓடி வந்ததைத்தான் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

உழவு மெசினின் கை பிறேக் ஒரே இழுப்பில் பிடிக்கும். ஆனாலும் என் கை இரண்டு தரம் இழுக்கிறது. முதலாளியை ஏற்றிக்கொண்டு வயலுக்கு வரும்போதெல்லாம் மச்சான் அதைக் கவனிப்பான்.

"பாத்தியளே முதலாளி, நான் சொன்னதை அத்தான் இண்டைக்கும் மறக்கேல்லை."

நான் தலையாட்டிவிட்டு இறங்குவேன்.