கோட்டைத் தாண்டினால் ரத்தம்

தெரு வித்தைக்காரர்களை நான் மதித்ததே இல்லை. எந்த நாட்டுச் சந்தைக்குப் போனாலும் ஒருவன் இருக்கிறான். நெருப்பைத் தின்கிறான், வெட்டிய கயிற்றை ஒட்டுகிறான். சாமர்த்தியம் அவன் கையில் இல்லை. சுற்றி நிற்கிறவர்களின் முழங்காலில் இருக்கிறது, எப்போது மடங்கலாம் என்று காத்துக்கொண்டு.

எண்பதுகளில் மலேசியாவின் கிள்ளான் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒருவன் துணி விரிப்பான். எண்ணெய் விற்க வித்தை. மூட்டுவலிக்கும் வயிற்றுவலிக்கும் பிறக்காத பிள்ளைக்கும் ஒரே பச்சை எண்ணெய். கூடையில் பாம்பு, கூண்டில் கீரி. “இதோ சண்டை, இதோ சண்டை” என்பான். அந்தச் சண்டையைப் பார்த்தவர் கிள்ளானில் யாருமில்லை. கீரி கொழுத்துப்போய்த் தூங்கும்.

அம்மாவின் தம்பி, என் மாமா, பக்கத்துக் காப்பாரில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டிக்கொண்டிருந்தார். தோள் தேய்ந்துவிட்டது. இந்த முறை லோரி ஓட்டும் லைசென்ஸ் எடுத்தால் தோட்டத்து லோரி அவருக்கு, இல்லையென்றால் வேறு ஆளுக்கு என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அன்று பத்து மணிக்கு டெஸ்ட். டைப்பிங் வகுப்புக்குப் போக நான் அவருடைய மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வந்திருந்தேன்.

“கொஞ்ச நேரம் பாத்துட்டுப் போலாம்மா” என்றார் மாமா.

அவ்வளவுதான், மாட்டிக்கொண்டோம். வித்தைக்காரன் கூட்டத்தைச் சுற்றிச் சாம்பலால் கோடு போட்டான்.

“கையக் கட்டாதீங்க அண்ணே! காளி இறங்கிட்டா. நான் உத்தரவு குடுக்காம எவனாச்சும் கோட்டத் தாண்டுனான், வீட்டு வாசல்ல ரத்தம் கக்குவான். பெரிய டாக்டர் வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது லா!”

கட்டியிருந்த கைகள் எல்லாம் சட்டென்று தொங்கின. மீசை வைத்த ஆண்கள், டை கட்டிய ஒரு குமாஸ்தா, என் மாமா. கடையில் தொங்கவிட்ட வாழைத்தார்கள் போல நின்றார்கள். மணி ஓடிக்கொண்டிருந்தது. நான் கோட்டைத் தாண்டினேன்.

“ஏய் பொண்ணு, கக்குவே!”

“கக்குனா உங்க எண்ணெய் இருக்குல்ல அங்கிள், தடவிக்கிறேன்.”

யாரும் சிரிக்கவில்லை. மாமா கண்ணாலேயே என்னைத் திட்டினார்.

அப்போது நகராட்சி லோரி வந்தது, லைசென்ஸ் இல்லாத கடைகளை அள்ள. எனக்கு அடுத்துச் சாம்பலைத் தாண்டியவன் வித்தைக்காரன்தான். ஒரு கையில் பாம்பு, மறு கையில் கீரி. காளி அம்போ என்று நின்றாள். கூட்டம் சிதறியது. மாமா மட்டும் அசையவில்லை.

“மாமா, டெஸ்ட்டு!”

“அவரு இன்னும் போகச் சொல்லலயேம்மா.”

சொல்லிவிட்டு ஓடினார். டெஸ்ட் நடக்கும் பக்கம் அல்ல, ஆற்றங்கரைப் பக்கம், வித்தைக்காரன் பின்னால். அதிகாரி துரத்துவதாக நினைத்து அவன் இன்னும் வேகமாக ஓடினான். சந்து சந்தாக ஓட்டம், கடைசியாக நான். கடைசியில் ஒரு சுவரோரம் மூச்சிரைக்க நின்றவனிடம் என் மாமா பணிவாகக் கேட்டார்.

“போலாமா அண்ணே?”

“போய்த் தொலைங்க லா!”

மாமாவின் முகத்தில் அப்படியொரு நிம்மதி. கோயிலில் கூட அதை நான் பார்த்ததில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவர் பெயரைக் கூப்பிட்டு முடித்திருந்தார்கள். தோட்டத்து லோரியை வேறு ஒருவன் ஓட்டினான். மாமா வெட்டிய குலைகளையும் அவன்தான் ஏற்றிக்கொண்டு போனான்.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் மாமா நடந்ததை எல்லாம் சொன்னார். “உத்தரவு வாங்கிட்டுதான்க்கா வந்தேன்.”

அம்மா அவர் நெற்றியில் திருநீறு பூசினாள். பிறகு, உத்தரவில்லாமல் தாண்டிய என்னையும் கூப்பிட்டாள்.